புகார் நோட்டைப் புரட்டியபோது

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டையில் பெயர் எதுவும் எழுதவில்லை என்றாலும் எல்லோருக்கும் அது புகார் நோட்டு. யார், எந்த வகுப்பு, என்ன செய்தான், எந்த ஆசிரியர் பார்த்தது, எத்தனை மணி, பெற்றோர் வந்தார்களா என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருப்போம். "இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன்" என்று பையன்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள்கள் பக்கத்துக்குப் பக்கம் குத்தியிருக்கும். ஒரு கல்வியாண்டின் முடிவில், அடிக்கடி வரும் பெயர்களைப் பட்டியல் எடுத்துத் தரும்படி என்னிடம் அந்த நோட்டைக் கொடுத்தார்கள். அந்தப் பையன்களை ஜூன் மாதத்தில் வேறு வேறு பிரிவுகளில் பிரித்துப் போடலாம் என்பது திட்டம்.

பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். 'மணி' என்ற கட்டம் கண்ணை உறுத்தியது. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. மணி மட்டும் மாறவில்லை. சாப்பாட்டு இடைவேளையின் கடைசிப் பத்து நிமிடம். ஒரு ஆசிரியர் போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் இடைவெளி. ஆசிரியர் விடுப்பில் இருக்க, பதிலுக்கு யாரும் அனுப்பப்படாத பீரியட். கடைசி பெல்லுக்குப் பிறகு சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. இடத்துக்கென்று தனிக் கட்டம் இல்லை. ஆனால் எழுதிய வரிகளுக்குள்ளேயே இடமும் இருந்தது: குழாயடி, மாடிப்படித் திருப்பம், கழிப்பறைக்குப் பின்பக்கம், பஸ் ஸ்டாப். பாடம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்த காலை வகுப்புகளிலிருந்து அந்த நோட்டுக்கு வந்து சேர்ந்தவை மிகக் கொஞ்சம்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் நடத்தையைப் பற்றிப் பேச உட்காரும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். 'யார்' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'எப்போது', 'எங்கே' என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். பையனை மாற்றப் பல மாதம் பிடிக்கும். இடத்தையும் நேரத்தையும் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம்.

குழாயடியையே எடுத்துக்கொள்வோம். சத்துணவு சாப்பிடுகிறவர்கள் தட்டோடும், வீட்டுச் சாப்பாட்டுக்காரர்கள் டிபன் பாக்ஸோடும் அங்கேதான் வர வேண்டும். ஆறு குழாய்கள். ஒன்றுக்குத் திருகு இல்லை. இன்னொன்றில் நூல் போலத் தண்ணீர். நானூறு பேர், பத்து நிமிடம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்; பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் நேரே முன்னால் போவார்கள். யாரோ இடிப்பார்கள், யார் சட்டையிலோ சாம்பார் கொட்டும், அவனுடைய அண்ணன் பத்தாம் வகுப்பில் இருப்பான். அப்புறம் நடப்பது நோட்டில் 'மாணவர்களிடையே கைகலப்பு' என்று ஏறும். இரண்டு குழாய்களைச் சரிசெய்ய ஒரு பிளம்பரும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஒரு பெல்லும் போதுமாயிருந்தன. அந்தப் பருவத்தில் குழாயடி என்ற சொல் நோட்டில் வரவேயில்லை. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

இப்படிச் சொன்னால், "அப்படியானால் பிள்ளைகள் மேல் தப்பே இல்லையா?" என்று கேட்கிறார்கள். தப்பு உண்டு. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை தப்பு செய்ய எல்லா வசதியும் செய்து கொடுத்துவிட்டு, செய்த பிறகு பிடிப்பதற்கு மட்டும் ஆள் போடுவது பெரியவர்கள் செய்கிற காரியமா? மாடிப்படித் திருப்பத்தில் பெல் அடிக்கும்போது ஒரு ஆசிரியர் நின்றால் போதும். அவர் யாரையும் அதட்ட வேண்டாம். "என்னம்மா, கால் சரியாயிடுச்சா?", "நேத்து ஏம்ப்பா வரல?" என்று நாலு பேரிடம் பேசினால், அந்தத் திருப்பம் அப்புறம் யாருக்கும் சொந்தமான அடாவடி இடமாக இருக்காது.

இடமும் நேரமும் சரியானால் பாதி வேலை முடியும். அடுத்த பாதி கற்பிப்பது.

கணக்கில் ஒரு பையன் தவறு செய்தால் மறுபடி சொல்லிக் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை விட்டால் திருத்திக் கொடுக்கிறோம். நடத்தையில் பிழை விட்டால் மட்டும், 'இதுகூடவா தெரியாது' என்று கோபப்படுகிறோம். உண்மையிலேயே பலருக்குத் தெரியாது. ஆசிரியர் சொன்னது தவறு என்று தோன்றினால் அதை எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருப்பவன் சீண்டினால் அடிக்காமல் என்ன செய்வது? தாமதமாக வந்தால் வகுப்புக்குள் எப்படி நுழைவது? இவற்றை யார், எந்த பீரியடில் சொல்லிக் கொடுத்தோம்?

இது கற்றுக்கொள்ளும் பொருள் என்பதற்கு கொரோனா காலம் பெரிய சாட்சி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளை, 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தது. எட்டாம் வகுப்பை அது ஒருநாள்கூடப் பள்ளிக்கூட பெஞ்சில் கழிக்கவில்லை. குரல் உடைந்து, மீசை அரும்பி, கையில் செல்போன் பழகி வந்த பையனுக்கு நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்காருவது என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. வந்த அன்றே பாடத்தைத் தொடங்கினோம். விட்ட பாடத்தைப் பிடிக்க அவ்வளவு அவசரம். உட்காரவும் காத்திருக்கவும் பேச்சை நிறுத்தவும் மறுபடி கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. 2022 ஏப்ரலிலும் மே மாதத்திலும் மாணவர்கள் மேசைகளை உடைப்பதும், ஆசிரியரை எதிர்த்து நிற்பதுமான காட்சிகள் செல்போன் செல்போனாகப் பரவின. தமிழ்நாடே தலையில் கை வைத்துக்கொண்டது. 'இந்தத் தலைமுறையே கெட்டுவிட்டது' என்று வீடுகளிலும் டீக்கடைகளிலும் பேசினார்கள். இரண்டு ஆண்டில் ஒரு தலைமுறையின் குணம் மாறிவிடாது. பழக்கம் விட்டுப்போகும். விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பவும் பழக்கியாக வேண்டும்.

அதனால்தான் ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களைப் பொன்னாகக் கருத வேண்டும் என்கிறேன். வகுப்புக்குள் நுழைவது, நோட்டை எடுப்பது, சந்தேகம் கேட்பது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது, வேலையை முதலில் முடித்தவன் மற்றவர்கள் முடிக்கும்வரை என்ன செய்வது. இவற்றைச் சொல்லிக்காட்டினால் போதாது. செய்ய வைக்க வேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே போய்த் திரும்ப உள்ளே வரச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரண்டாம் தடவை சரியாக வருவார்கள். ஆகஸ்டில் ஒவ்வொரு பீரியடிலும் ஏழெட்டு நிமிடம் மிச்சமாவதை அந்த ஆசிரியரே கண்டுகொள்வார். விதிகள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். சுவர் முழுக்க எழுதி வைத்த இருபது விதிகளைப் பிள்ளைகளும் படிப்பதில்லை, ஆசிரியர்களும் நினைவில் வைத்திருப்பதில்லை.

வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி எனக்குப் பெரிதும் கண் திறந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். வகுப்புகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நன்றாக நடக்கும் வகுப்புக்கும் கலைந்துபோகும் வகுப்புக்கும் என்ன வேறுபாடு என்று தேடினார். 1970-ல் வந்தது அவருடைய நூல். ஆசிரியர் எப்படித் திட்டுகிறார், எவ்வளவு கடுமையாகத் திட்டுகிறார் என்பதில் விடை இருக்கும் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். அதில் விடை கிடைக்கவில்லை. தப்பு நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைவிட, நடப்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் இரண்டையும் பிரித்தது. நல்ல ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருந்தது. கரும்பலகையில் எழுதும்போதும் மூன்றாம் பெஞ்சில் நடப்பது அவருக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்க்க முடிந்தது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பைத் தடங்கலில்லாமல் நகர்த்த முடிந்தது. சின்னத் தப்புக்காகப் பாடத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் உபதேசம் செய்பவர், பேசிய ஒருவனோடு பேசாத ஐம்பது பேரையும் சும்மா உட்கார வைக்கிறார். சும்மா இருக்கும் கை என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பள்ளி ஒழுங்கைப் பற்றி ஆராய எல்டன் பிரபு தலைமையில் அமைந்த குழு 1989-ல் அறிக்கை தந்தது. ஆசிரியர்கள் அடி வாங்குகிறார்கள் என்ற பரபரப்பான செய்திகளுக்கு நடுவில் அமைந்த குழு அது. ஆசிரியர்களைக் கேட்டபோது, அவர்களை நாள்தோறும் சோர்வடையச் செய்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான் என்று தெரிந்தது: நடுவில் பேசுவது, மற்றவர் வேலையைக் கெடுப்பது, தாமதமாக வருவது. நம் ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். செய்தியில் வருவது கத்தி. ஆசிரியரின் தொண்டையைக் கிழிப்பது சளசளப்பு.

இந்தச் சளசளப்பை அடக்க நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு உண்டு. ஆசிரியர் வெளியே போகும்போது, "லீடர், பேசறவங்க பேரை எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போவார். கிளாஸ் லீடர் சாக்பீஸோடு பலகை அருகே நிற்பான். 'பேசியவர்கள்' என்று தலைப்பு. கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அப்புறம் இன்னொன்று. நண்பனின் பெயரை எழுதமாட்டான், எழுதினாலும் ஆசிரியர் வரும் காலடிச் சத்தம் கேட்டதும் அழித்துவிடுவான். நேற்று பேனா தராதவன் பெயருக்குப் பக்கத்தில் நாலு குறி. "நான் பேசவே இல்ல சார்" என்பதை யாரும் கேட்டதில்லை. இதைப் படிக்கும் பலர் அந்தப் பலகையில் இருந்திருப்பீர்கள், சிலர் சாக்பீஸோடு நின்றிருப்பீர்கள். இரண்டு பக்கமும் நின்றவன் நான். ஒரு வகுப்பைப் பிளக்க இதைவிட எளிய வழி தெரியவில்லை. லீடராக இருக்கும் பிள்ளை அதிகாரம் என்றால் வேவு பார்ப்பது என்று கற்கிறது. மற்ற பிள்ளைகள் நியாயம் என்றால் லீடரோடு நட்பாக இருப்பது என்று கற்கிறார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்த சட்டாம்பிள்ளையின் வாரிசுதான் இந்த லீடர். ஆனால் சென்னையில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே, மாணவர் கையில் பொறுப்பைக் கொடுக்கும் வேறொரு முறையும் இருந்தது. 1789 முதல் 1796 வரை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை இல்லப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தவர். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. அவர் பள்ளியிலும் புகார் நோட்டு உண்டு. கறுப்புப் புத்தகம் என்பார்கள். ஆனால் அதில் பெயர் ஏறிய உடனே அடி விழாது. வாரம் ஒருமுறை பள்ளி முழுவதும் கூடியிருக்க, அந்தப் புத்தகத்தைத் திறப்பார்கள். பையன்களிலிருந்தே பொறுக்கிய நடுவர்கள் குற்றத்தை விசாரித்து முடிவு சொல்வார்கள். கோபம் ஆற அதற்குள் சில நாள் ஆகியிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தைச் சொல்ல முடியும். பலகையில் பெருக்கல் குறி போடும் நம் ஏற்பாட்டில் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

பெல் செய்ததை அப்படியே செய்யச் சொல்லவில்லை. பள்ளி முழுவதும் பார்க்க ஒரு பிள்ளையை விசாரிப்பது இன்று எனக்கு ஒப்பாது. எடுத்துக்கொள்ள வேண்டியது கேட்கும் முறையை. இப்போது அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி இருக்கிறது. பல இடங்களில் பூட்டுத் துருப்பிடித்துக் கிடக்கிறது. வாரம் தவறாமல் திறந்து, வந்த புகாருக்கு என்ன செய்தோம் என்று பிரேயரில் பெயர் சொல்லாமல் அறிவித்தால், மூன்றாவது வாரத்தில் உண்மையான விஷயங்கள் வரத் தொடங்கும். முதல் இரண்டு வாரம் வேடிக்கையாகத்தான் எழுதிப் போடுவார்கள். பெட்டியை நம்பலாமா என்று அவர்கள் சோதிக்கிற காலம் அது.

இந்த வயதைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக முடியாது. 2005-ல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் ஒரு சோதனை செய்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஓட்டியபோது ஓரளவு நிதானம் இருந்தது. கூட்டாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது துணிச்சல் பெருமளவு ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பள்ளிக்கூடத்தில் நமக்கு இது சொல்லும் சேதி ஒன்றுதான்: ஐம்பது பேர் பார்க்க ஒரு பையனைத் திருத்த முயலாதீர்கள்.

ஒரு காட்சி. பத்தாம் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். கடைசி பெஞ்சில் ஒருவன் தலை கவிழ்ந்திருக்கிறான். "டேய், எழுந்திருடா! ராத்திரி எங்க காவல் காக்கப் போன?" வகுப்பு சிரிக்கிறது. அவன் எழுந்திருக்கிறான், சிரித்தவர்களை ஒருமுறை பார்க்கிறான். இப்போது அவனுக்கு இரண்டே வழி. தலை குனிந்தால் பயந்தாங்கொள்ளி என்று பெயர். முறைத்தால் அடங்காதவன் என்று பெயர். பதினைந்து வயதில் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பான்? "ஏன், தூங்கக்கூடாதா?" என்கிறான். சண்டை தொடங்கிவிட்டது, இனி ஆசிரியரும் பின்வாங்க முடியாது.

அதே காட்சியில் இன்னோர் ஆசிரியர். பாடத்தை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே நடந்துபோய்க் கடைசி பெஞ்சருகே நிற்கிறார். மேசை மேல் விரலால் மெல்லத் தட்டுகிறார். அவன் நிமிர்ந்ததும், குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "முகம் கழுவிட்டு வா தம்பி. பெல் அடிச்சதும் ரெண்டு நிமிஷம் நில்லு" என்கிறார். பெல் அடித்ததும் அவன் சொல்கிறான்: விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போகிறான். அப்பா மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. இந்தக் காரணம் தெரிந்ததால் அவன் வகுப்பில் தூங்கலாம் என்று ஆகிவிடாது. ஆனால் இனி எதைச் சரிசெய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

இனி பிரம்புக்கு வருகிறேன். ஆசிரியர்கள் கூடும் இடமெல்லாம், "கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஒழுங்கை எதிர்பார்க்கிறார்கள்" என்ற குமுறலைக் கேட்கிறேன். அந்தக் குமுறலில் பாதி நியாயம் இருக்கிறது. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-வது விதி 2003-ல் திருத்தப்பட்டது. உடலுக்கும் மனதுக்கும் வலி தராமல் பிள்ளையைத் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. அந்தச் சட்டம் 14 வயது வரைதானே என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, 18 வயதுவரை தம் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்தும் எவரையும் பிடிக்கும். ஆக, பிரம்புக்கு வழியே இல்லை. நியாயமான பாதி எது என்றால், பிரம்பை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் வேறு எதையும் கொடுக்கவில்லை என்பது. ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு பயிற்சி வரவில்லை.

மற்றப் பாதி நியாயமில்லை. பிரம்பு இருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாக நினைவில் ஒரு சித்திரம் வைத்திருக்கிறோம். அடிக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் அந்தச் சித்திரத்தில் இல்லை. அவர்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கும் வருவதில்லை. 2007-ல் ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் உடல் தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். அத்தனை அடி விழுந்தும் அந்தப் பள்ளிகளில் புகார் நோட்டுகள் நிரம்பிக்கொண்டேதான் இருந்தன.

லண்டனில் மைக்கேல் ரட்டரும் சக ஆய்வாளர்களும் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1979-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'பதினைந்தாயிரம் மணிநேரம்'. ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் காலத்தின் கணக்கு அது. ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளிகளுக்குள்ளேயே நடத்தையில் பெரிய வேறுபாடு இருந்தது. தண்டனை எவ்வளவு தரப்படுகிறது என்பதில் அந்த வேறுபாடு இல்லை. வகுப்பு சரியான நேரத்துக்குத் தொடங்கியது, பிள்ளைகளின் வேலையைச் சுவரில் மாட்டியது, வெளிப்படையாகப் பாராட்டியது, நிறையப் பேருக்குப் பொறுப்புக் கொடுத்தது, ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒத்துப்போனது ஆகியவற்றில் இருந்தது.

தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்ததற்கு விளைவு இருந்தே ஆக வேண்டும். அது சின்னதாக, உடனே, தப்பாமல் வர வேண்டும்; செய்த காரியத்தோடு தொடர்பும் இருக்க வேண்டும். மேசையில் கிறுக்கியவன் அன்று சாயங்காலமே தேய்த்துத் துடைக்க வேண்டும். தாமதமாக வந்தவன் விட்ட பத்து நிமிடத்தை இடைவேளையில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். ஒருத்தியைக் கேலி செய்தவன் அவள் மனத்தில் அது என்ன செய்தது என்பதை, அவள் சம்மதித்தால், அவள் வாயாலேயே கேட்க வேண்டும். நூறு தடவை இம்போசிஷன் எழுதுவதிலும், வெயிலில் முட்டி போடுவதிலும் இந்தத் தொடர்பு இல்லை. 2022 மே மாதத்தில், ஒழுங்கீனத்தால் நீக்கப்படும் மாணவரின் டி.சி.யிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தமும் இதுதான். பதினாறு வயதில் செய்ததை வாழ்நாள் முழுவதும் சுமக்கும் காகிதத்தில் எழுதுவது மிகப் பெரிய தண்டனை; ஆனால் நாளைக் காலை வகுப்பில் உட்காரப்போகிற பையனுக்கு அது மிகத் தொலைவில் இருக்கிறது. தொலைவில் உள்ளதைக் கண்டு அஞ்சும் பக்குவம் அந்த வயதுக்குக் குறைவு.

பாராட்டு விஷயத்தில் நாம் கஞ்சர்கள். பாராட்டினாலும், 'குட் பாய்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்கிறோம். என்ன செய்தாய், அதனால் யாருக்கு என்ன நன்மை என்று குறிப்பாகச் சொன்னால்தான் அது தைக்கும். "அவள் விடை தப்பானப்ப நீ சிரிக்கல. அதனாலதான் அவ ரெண்டாவது தடவை கை தூக்கினா." இப்படி ஒருநாள் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சில பிள்ளைகள் மிஞ்சுவார்கள். அவர்களிடம் நடப்பது ஒழுங்குப் பிரச்சினையே இல்லை. உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டு கண் சொருகி உட்கார்ந்திருக்கும் பையனுக்கு உபதேசத்தைவிட மருத்துவம் வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. அந்தப் பொட்டலம் எந்தக் கடையில் கிடைத்தது என்று பள்ளி மேலாண்மைக் குழு கேட்கத் தொடங்கினாலே ஊரில் அசைவு தெரியும். திடீரென்று எரிந்து விழும் பெண் பிள்ளைக்குப் பின்னால் வீட்டில் தொல்லை தரும் ஒருவன் இருக்கலாம். அவளுக்கு 1098 என்ற எண்ணைச் சொல்லி, அவளோடு உட்கார்ந்து அழைக்க ஒரு ஆசிரியை வேண்டும்.

சாதியை இந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன்னால் அந்தப் பையன் பள்ளிக்கு வராமல் நின்றிருந்தான். ஒரு பிள்ளை பள்ளிக்கு வர மறுப்பதுதான் புகார் நோட்டில் ஏற வேண்டிய மிகப் பெரிய புகார். அதன் பிறகு அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் வேண்டாம், அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிற்றை அறுப்பது எளிது. அந்தக் கயிறு கொடுத்த 'நாம்' என்ற உணர்வுக்கு வேறொரு 'நாம்' தர வேண்டும். 2024-ல் அரசுப் பள்ளிகளில் வந்த மகிழ் முற்றம் திட்டம் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. அதை வாரம் ஒருநாள் சடங்காக முடிக்காமல், விளையாட்டும் தோட்டமும் நூலகமும் அந்தக் குழுக்களின் கையில் இருந்தால், வெவ்வேறு தெருக்களின் பிள்ளைகள் ஒரே பக்கம் நின்று ஆடிப் பழகுவார்கள். மதில் ஓரம் தனித் தனிக் கூட்டமாக நிற்பதைக் கண்டும் காணாமல் போகும் ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் கடினம் பெரியவர்கள் ஒத்துப்போவது. முதல் பீரியட் ஆசிரியர் தாமதமாக வருகிறவனை வெளியே நிறுத்துகிறார், இரண்டாமவர் கண்டுகொள்வதில்லை, மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, "வாங்க சார்" என்கிறார். ஒரே நாளில் மூன்று சட்டம். எது உண்மையான சட்டம் என்று பிள்ளைகள் தள்ளித் தள்ளிப் பார்ப்பதைத்தான் அடங்காமை என்கிறோம். எங்கள் பள்ளியில் நாலு விஷயங்களில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி நடப்பது என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் பேசி முடிவெடுத்தோம். முடி எவ்வளவு நீளம் என்பதில் கடைசிவரை ஒத்துவரவில்லை, அதை விட்டுவிட்டோம். விட்டது நல்லதாகப் போயிற்று. முடிக்காகச் செலவழித்த கோபம் மிச்சமானது.

அந்த நீள நோட்டையும் மாற்றினோம். 'எங்கே' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். 'அதற்கு முன் என்ன நடந்தது' என்று இன்னொரு கட்டம். மாணவன் தன் பக்கத்தைத் தானே எழுத மூன்று வரி இடம். புகார்களை வலப்பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை நல்ல காரியங்களுக்கு ஒதுக்கினோம். இடப்பக்கம் வெகு நாள் காலியாகவே கிடந்தது. நல்லதைப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கும் இல்லை. வலப்பக்கத்தில் நாலு முறை பெயர் வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையனைப் பற்றி, அக்டோபரில் ஒரு மழை நாளில், அறிவியல் ஆசிரியை இடப்பக்கத்தில் எழுதினார்: 'ஆறாம் வகுப்பில் கூரை ஒழுகியது. யாரும் சொல்லாமலே பிள்ளைகளின் பைகளை மாடி வராண்டாவுக்குத் தூக்கிச் சென்று வைத்தான். முப்பது பைக்கு மேல் இருக்கும்.'

அன்று சாயங்காலம் அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து என்றதும், "இந்தத் தடவ என்ன சார் செஞ்சான்? நாளைக்கே வரணுமா? நாளைக்கு வேலைக்குப் போகலைன்னா கூலி போயிடும் சார்" என்றார். வர வேண்டாம் என்று சொல்லி, எழுதியிருந்ததைப் படித்தேன். மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அவங்க அப்பா இப்பதான் வந்தாரு. அவருகிட்ட போனத் தரேன் சார், அத அப்படியே இன்னொரு தடவ படிங்க" என்றார்.

படித்தேன்.